இத்தா முடியும் நாள்

சுக்காய்,
ஆகஸ்ட் 14

அன்புள்ள ரொகாயா அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் இர்தினாவும் அல்லாஹ்வின் அருளால் நலம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? நின்றுகொண்டே பாடம் நடத்தாதே என்று டாக்டர் சொன்னதை நீ கேட்டிருக்கமாட்டாய் என்று தெரியும்.

தபாலில் என் கையெழுத்தைப் பார்த்துத் திகைத்திருப்பாய். என் வாட்ஸ்அப் ஃபக்ருலின் மடிக்கணினியிலும் திறந்திருக்கிறது. நான் எழுதுவதும் எனக்கு வருவதும் அங்கேயும் போய் விழுகின்றன. பிறர் போனை இரவல் வாங்கிப் பேசக்கூடிய விஷயமும் இல்லை இது. அதனால்தான் கடிதம். பதிலை என் பாலர் பள்ளி முகவரிக்கு அனுப்பு.

சென்ற செவ்வாய்க்கிழமை அவர் துறைமுக வேலையாக லாபுவானில் இருந்தார். காலையிலிருந்தே எங்களுக்குள் போனில் வாக்குவாதம். மாலையில் இர்தினாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. "லினா, உனக்கு ஒரு தலாக் சொல்லிட்டேன். உங்கப்பா வீட்டுக்குப் போயிடு." இரண்டு முறை படித்தேன். கையைக் கழுவிவிட்டு வந்து பார்த்தால் அந்த இடத்தில் "இந்தச் செய்தி அழிக்கப்பட்டது" என்று இருக்கிறது.

வெள்ளிக்கிழமை மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார், எதுவும் நடக்காதவர் போல. கேட்டேன். "கோவத்துல ஏதோ தட்டினேன். அழிச்சுட்டேன்ல? அழிச்சா அது சொல்லாத மாதிரிதான்" என்றார். மறுநாள் மீண்டும் கேட்டபோது, "எந்தச் செய்தி?" என்றார்.

இர்தினாவின் அறையில் அவளோடு படுத்துக்கொள்கிறேன். உள்ளே தாழ் போட்டிருக்கிறேன். வீட்டுக்குள்ளும் முக்காடு எடுப்பதில்லை. அக்கா, நான் அவருக்கு மனைவியா இல்லையா? கேட்க உன்னைத் தவிர யாரும் இல்லை.

உன் துஆவில் என்னைச் சேர்த்துக்கொள்.
தங்கை,
மர்லினா


தாவாவ்,
ஆகஸ்ட் 27

என் லினாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். என் முதுகு கிடக்கட்டும். நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா?

உன் பெயரைச் சொல்லாமல் எங்கள் பள்ளியில் மார்க்கப் பாடம் நடத்தும் உஸ்தாதிடம் விசாரித்தேன். வாயால் தெளிவாகச் சொன்னால் அது தலாக். எழுதி அனுப்பினால் எழுதியவனின் எண்ணம் என்ன என்று பார்க்க வேண்டும் என்றார். பிரியும் எண்ணத்தோடு எழுதியிருந்தால் அழித்தாலும் போய்ச் சேர்ந்துவிட்டது. எண்ணம் இல்லையென்றால் வெறும் எழுத்து. அந்த எண்ணம் அவன் நெஞ்சுக்குள் இருக்கிறது. அதை வெளியே எடுக்க நீதிமன்றத்தால்தான் முடியும். இப்படி நீதிமன்றத்துக்கு வெளியே நடந்ததை அங்கே உடனே சொல்லியாக வேண்டும் என்று சட்டமும் இருக்கிறதாம். நாளைக்கே ஷரீஅத் நீதிமன்றத்துக்குப் போ. போனை யாரிடமும் கொடுக்காதே, எதையும் மாற்றாதே.

நான் புறப்பட்டு வரட்டுமா? கேட்கவே தயக்கமாக இருக்கிறது. பெருநாளுக்கு வராதே, உன் வாய் எங்கள் குடும்பத்துக்கு ஆகாது என்று நீ அனுப்பிய செய்தியை இன்னும் என்னால் முழுங்க முடியவில்லை. அதைப் பிறகு பேசிக்கொள்வோம். எதற்காகச் சண்டை வந்தது என்று நீ எழுதவில்லையே.

இர்தினாவுக்கு முத்தங்கள்.
ரொகாயா


சுக்காய்,
செப்டம்பர் 12

அக்காவுக்கு ஸலாம். நாங்கள் நலம். இங்கே வெயில் கொளுத்துகிறது, உங்கள் பக்கம் மழை என்று செய்தியில் பார்த்தேன்.

பெருநாள் செய்தியை நான் அனுப்பவில்லை. அப்படி ஒன்று போனதே உன் கடிதத்தைப் படித்தபிறகுதான் எனக்குத் தெரியும். நீ ஏன் வரவில்லை என்று நான் அழுதுகொண்டிருந்தேன். அக்காவுக்கு இப்போதெல்லாம் நம்மை மறந்துபோயிற்று என்று அவர் எனக்கு ஆறுதல் சொன்னார்.

சண்டைக்கும் காரணம் இதுதான். என் பெயரில் அவர் மற்றவர்களுக்குப் பதில் எழுதுகிறார் என்று ஜூலை மாதம் கண்டுபிடித்தேன். ஒரு பிள்ளையின் தாய், "நேத்து ராத்திரி ஏன் அப்படிக் கோவமா எழுதுனீங்க டீச்சர்?" என்று கேட்டபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வீட்டுக்கு வந்து கடவுச்சொல்லை மாற்றினேன். மாற்றியதை ஒரே நாளில் தெரிந்துகொண்டார். புருஷனுக்குத் தெரியாத பூட்டு எதற்கு என்று தொடங்கியவர் லாபுவான் போயும் விடவில்லை. சொல்லமாட்டேன் என்றேன். அன்று மாலைதான் அந்தச் செய்தி. இப்போது மறுபடியும் எல்லாம் அவர் கணினியில்தான் இருக்கிறது. அதை மாற்றினால் வேறு எதையாவது தொடங்குவார் என்று விட்டுவிட்டேன்.

நீதிமன்றத்துக்குப் போனேன். மனு வாங்கும் பெண் நல்லவள். "ஸ்கிரீன்ஷாட் இருக்கா அக்கா?" என்றாள். இல்லை என்றேன். "அவர் மறுத்துட்டா கஷ்டம். ஆனா சத்தியம் பண்ணச் சொல்வாங்க" என்றாள். மனுவை வாங்கிக்கொண்டாள். உதவிக்கு ஹஸ்னிதா என்ற வழக்கறிஞர் அம்மாவையும் காட்டிவிட்டாள்.

அப்பாவுக்குச் சொன்னேன். டுங்குனிலிருந்து பேருந்து பிடித்து வந்து மருமகனோடு உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு, போனில் வந்ததற்கெல்லாம் குடும்பத்தை உடைப்பார்களா என்று கேட்டுவிட்டுப் போனார்.

நீ இப்போது வரவேண்டாம். வந்தால், நீதான் என் மனதைக் கலைத்தாய் என்று நீதிமன்றத்தில் சொல்வார். இந்த முறை இதை எழுதுவது நான்தான்.

மர்லினா


தாவாவ்,
செப்டம்பர் 25

லினா,

ஸலாம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு வகுப்புக்குப் போக முடியவில்லை. இத்தனை மாதமாக உன்மேல் கோபமாக இருந்தேனே. உன் குரலில் இன்னொருவன் பேசியதை எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

இப்போது ஒன்றைக் கவனமாகப் படி. உஸ்தாதிடம் மறுபடி கேட்டேன். தலாக் சொன்ன நாளிலிருந்து இத்தா ஓடத் தொடங்கிவிடும். மூன்று மாதவிடாய் வந்து போகும்வரை காத்திருப்பு. அதற்குள் "உன்னை மீட்டுக்கொண்டேன்" என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் நீ திரும்ப அவன் மனைவி. இத்தா முடிந்துவிட்டால் உன் சம்மதமும் புது நிக்காஹ்வும் இல்லாமல் அவனால் எதுவும் செய்ய முடியாது.

பார்த்தாயா, அவன் பொய்யே அவனைக் கட்டிப்போட்டிருக்கிறது. மீட்டுக்கொண்டேன் என்று சொல்ல வேண்டுமானால் முதலில் தலாக் சொன்னதை ஒப்புக்கொள்ள வேண்டும். நவம்பர்வரை மறுத்துக்கொண்டே இருக்கட்டும். அதன்பிறகு ஒப்புக்கொண்டால் நீ விடுதலை. அவனிடம் இதைப் பற்றி வாய் திறக்காதே.

மாதாமாதம் தேதியை எழுதி வைத்துக்கொள்கிறாயா? நீதிபதி கட்டாயம் கேட்பார்.

அல்லாஹ் உன்னைக் காக்கட்டும்.
ரொகாயா


சுக்காய்,
அக்டோபர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். தாமதத்துக்கு மன்னித்துக்கொள். பாலர் பள்ளியில் பிள்ளைகளுக்கெல்லாம் காய்ச்சல், எனக்கும் கொஞ்சம் சோர்வு.

முதல் விசாரணை முடிந்தது. அவர் நன்றாக இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். அழித்த செய்தி ஒன்று இருந்ததை மறுக்கவில்லை. அதில் மீன் வாங்கி வரட்டுமா என்றுதான் எழுதியிருந்தாராம், எழுத்துப் பிழையால் அழித்தாராம். அவருடைய பழைய போன் எங்கே என்று ஹஸ்னிதா அம்மா கேட்டார். படகில் போகும்போது கடலில் விழுந்துவிட்டது என்றார். நீதிபதி பேனாவை மூடி வைத்துவிட்டு அவரையே கொஞ்சநேரம் பார்த்தார். நான் படித்ததற்கு என் வார்த்தையைத் தவிர சாட்சி இல்லை. அதனால் அடுத்த முறை அவர் அல்லாஹ்வின் பெயரால் சத்தியம் செய்ய வேண்டும் என்று உத்தரவு. நவம்பர் இருபத்தாறு.

அவர் காரில்தான் திரும்பினோம். வீட்டு வாசலில் இறங்கியதும், "சத்தியம் பண்ணிட்டேன்னு வெச்சுக்க, அப்புறம் உன் கதவுல தாழ்ப்பாளே இருக்காது" என்றார். இர்தினா பக்கத்தில் நின்றிருந்தாள்.

கடைத்தெருவில் மீன் பொரிக்கும் வாசனையைத் தாண்டிப் போக முடியவில்லை, குமட்டுகிறது. உங்கள் சந்தையில் உப்பும் புளிப்புமாக மாங்காய் ஊறல் விற்பார்களே, முடிந்தால் ஒரு பொட்டலம் அனுப்பு.

மர்லினா


தாவாவ்,
நவம்பர் 3

லினா,

ஸலாம். மாங்காய் ஊறல் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

தேதிகளைப் பற்றி நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. இர்தினா வயிற்றில் இருந்தபோதும் நீ என்னிடம் கேட்டது மாங்காய்தான்.

எனக்கு எதுவும் எழுத வேண்டாம். எழுதாத வரைக்கும் எனக்கு எதுவும் தெரியாது. கர்ப்பிணிக்கு இத்தா பிரசவம்வரை நீளும் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவனுக்குத் தெரிந்தால் அன்றைக்கே ஒப்புக்கொள்வான், அன்றைக்கே மீட்டுக்கொள்வான். நீதிபதி கேட்டால் மூன்று முறை ஆகிவிட்டது என்று சொல். தளர்வான பாஜு போட்டுக்கொண்டு போ. ஒரே ஒரு வார்த்தை, லினா. பிறகு பிள்ளை பிறக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

இதைப் படித்ததும் கிழித்துவிடு.
ரொகாயா


தாவாவ்,
டிசம்பர் 8

லினா, ஸலாம்.

இருபத்தாறாம் தேதி போய் எத்தனை நாளாகிறது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. சுக்காயில் ஆறு கரை உடைத்துவிட்டது என்று தொலைக்காட்சியில் காட்டுகிறார்கள். பாலர் பள்ளிக்குப் போன் செய்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. அப்பாவைக் கூப்பிட்டேன். "இங்கதான் இருக்கா, தூங்குறா" என்று வைத்துவிட்டார். எதற்காக அங்கே போனாய், எப்போது போனாய், ஒன்றும் சொல்லவில்லை. உன் எண்ணில் கூப்பிடப் பயமாக இருக்கிறது. யார் எடுப்பார் என்று தெரியவில்லையே.

அவன் சத்தியம் செய்துவிட்டானா? நீ என்ன சொன்னாய்? போன கடிதத்தில் நான் எழுதியதை நினைத்து எனக்குத் தூக்கமில்லை. எழுதியிருக்கக் கூடாது. அதற்காக என்மேல் கோபமென்றால் அதையாவது எழுது. இதை டுங்குனுக்கே அனுப்புகிறேன்.

ரொகாயா


டுங்குன்,
டிசம்பர் 30

அன்புள்ள அக்காவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். உயிரோடு இருக்கிறேன். வெள்ளத்தில் சாலை மூடிவிட்டது, தபால் நிலையமும் நேற்றுதான் திறந்தது. உன்மேல் கோபம் இல்லை. உன் கடிதத்தைக் கிழிக்கவும் இல்லை, பையில் வைத்துக்கொண்டுதான் நீதிமன்றம் போனேன்.

அவர் முகம் கை கால் கழுவி ஒளூ செய்துவிட்டு வந்து நின்றார். நீதிபதி ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லிக்கொடுத்தார். வல்லாஹி, பில்லாஹி, தல்லாஹி. அவர் திருப்பிச் சொன்னார். "நான் அப்படியொரு செய்தியை" என்ற இடம்வரை வந்தது. அதற்குமேல் வரவில்லை. நீதிபதி மறுபடி சொல்லிக்கொடுத்தார். இவ்வளவு பொய்யும் சொன்னவர் அந்த ஒரு பொய்யைச் சொல்ல முடியாமல் நின்றார், அக்கா. அந்த நிமிடத்தில் நான் கல்யாணம் செய்த மனிதரைப் பார்த்தேன்.

"அனுப்பினேன், ஐயா" என்றார். எண்ணம் இருந்ததா என்று கேட்டார்கள். "அனுப்புறப்போ இருந்துச்சு."

ஆகஸ்டில் சொன்ன ஒரு தலாக் செல்லும் என்று எழுதிக்கொண்டார்கள். ஹஸ்னிதா அம்மா என் கையை அழுத்தினார். பிறகு நீதிபதி என் பக்கம் திரும்பினார். இத்தா முடிந்துவிட்டதா என்று கேட்டார்.

உன் ஒரு வார்த்தை என் நாக்கு நுனியில்தான் இருந்தது. சொல்லியிருந்தால் அன்றே வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கியிருப்பேன் என்று நினைக்காதே. தங்கள் கருப்பையில் அல்லாஹ் படைத்ததை மறைப்பது பெண்களுக்கு ஆகாது என்ற வசனம் சிறுவயதில் நாம் இருவரும் ஒன்றாக ஓதியதுதான். அதை விடு. அழித்துவிட்டால் நடக்கவில்லை என்று ஒருவர் சொன்னதால்தான் நான் அங்கே போய் நின்றேன். நானும் அதையே செய்வதா?

"இல்லைங்க ஐயா. நான் முழுகாம இருக்கேன். நாலு மாசம் முடியுது" என்றேன்.

அவர் சட்டென்று என் பக்கம் திரும்பினார். யாரும் கேட்பதற்கு முன்பே, "நான் அவளை மீட்டுக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். ஹஸ்னிதா அம்மா என் கையை விட்டுவிட்டார்.

நீதிபதி எனக்குச் சம்மதமா என்றார். இல்லை என்றேன். காரணம் கேட்டார். என் பெயரில் அவர் எழுதிய பதில்களைச் சொன்னேன், தாழ்ப்பாளைப் பற்றிச் சொன்னேன், உன் பெருநாளைச் சொன்னேன். காரணம் இருக்கும்போது மனைவியை வற்புறுத்தி அனுப்ப முடியாது. இரு தரப்பிலும் ஆள் வைத்துச் சமரசம் பேசட்டும் என்று உத்தரவிட்டார். அதுவரை நான் அப்பா வீட்டில் இருக்கலாம்.

இப்போது நான் மறுபடி அவர் மனைவி. இதைத்தான் உனக்கு எழுத முடியாமல் இருந்தேன்.

மர்லினா


தாவாவ்,
ஜனவரி 14

லினா,

ஸலாம். உன்னை அப்படிச் சொல்லச் சொன்ன அக்கா நான். இதற்குமேல் உனக்கு அறிவுரை எழுத எனக்கு வாயில்லை.

சாப்பிடு. இரும்புச்சத்து மாத்திரையை விடாதே. பிரசவ நாளுக்கு முன்பே விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன், யார் தடுத்தாலும் வருவேன். அப்பா எப்படி இருக்கிறார்?

ரொகாயா


டுங்குன்,
பிப்ரவரி 26

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். வயிற்றில் இருப்பவர் ஓயாமல் உதைக்கிறார், அதனால் நலமாகத்தான் இருப்பார். அப்பா என்னோடு அதிகம் பேசுவதில்லை. ஆனால் காலையில் நான் எழுவதற்குள் கஞ்சி வைத்துவிடுகிறார்.

சமரசப் பேச்சு இரண்டு முறை நடந்தது. என் பக்கத்தில் மாமா, அவர் பக்கத்தில் அவருடைய அண்ணன், நடுவில் சமய இலாகா அதிகாரி ஒருவர். முதல் முறை எல்லோரும் எனக்குப் பொறுமையைப் பற்றிச் சொன்னார்கள். பிள்ளை பிறக்கப்போகிறது, அவரும் சத்தியத்துக்குப் பயந்தவர்தானே என்றார்கள். அது உண்மைதான் என்றேன்.

இரண்டாம் முறை அந்த அதிகாரி அவரைப் பார்த்து, கூட்டிக்கொண்டு போனால் இனி எப்படி இருப்பீர்கள் என்று கேட்டார். அவர் நன்றாக யோசித்து வைத்திருந்தார்.

"இனி அவ பாஸ்வேர்டே கேக்கமாட்டேன். போனே வேணாம்னு வெச்சுடுவோம். வேலைக்கும் போக வேணாம். வீட்டுல இருந்தா சண்டையே வராதுல்ல?"

பெருந்தன்மையாகச் சொல்வதாகவே நினைத்தார், அக்கா. அவர் முகத்தில் கள்ளம் இல்லை. அதிகாரி ஏதோ எழுதத் தொடங்கி நிறுத்திவிட்டார். அவருடைய அண்ணன்தான் தலையைக் குனிந்துகொண்டு, "தம்பி, போதும்டா. விட்டுடு" என்றார்.

இருவரும் வெளியே போய் வெகுநேரம் வராந்தாவில் நின்றார்கள். அண்ணன் என்ன சொன்னாரோ தெரியாது. சென்ற வாரம் நீதிமன்றத்தில், நீதிபதி முன்னால், அவர் எனக்கு ஒரு தலாக் சொன்னார். வாய்விட்டு, என் பெயரையும் என் அப்பா பெயரையும் சேர்த்து. சொல்லும்போது என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது, ஏன் என்று கேட்காதே.

ஆனால் முடிந்துவிடவில்லை. பிரசவம்வரை இத்தா. அதற்குள் எந்த நாளில் வேண்டுமானாலும் அவர் மனம் மாறி மீட்டுக்கொண்டேன் என்று சொல்லலாம். மறுபடி நீதிமன்றப் படியேற வேண்டும். இர்தினாவைப் பார்க்க வெள்ளிக்கிழமைதோறும் வருகிறார். வாசலில் கார்ச் சத்தம் கேட்டால் நான் பின்கட்டுக்குப் போய்விடுகிறேன். இன்று சொல்வாரோ, இன்று சொல்வாரோ என்று அவர் கார் கிளம்பிப் போகிறவரை மூச்சு விட முடிவதில்லை.

மர்லினா


தாவாவ்,
மார்ச் 19

லினா,

ஸலாம், நோன்பு வாழ்த்துகள். நீ நோன்பு பிடிக்காதே, பிறகு கணக்குத் தீர்த்துக்கொள்ளலாம்.

ஃபக்ருல் எனக்குப் போன் செய்தான். தன் பெயரிலேயே. பெருநாள் செய்தியைத் தான்தான் அனுப்பியதாகச் சொன்னான். தெரியும் என்றேன். பிறகு, "லினா கிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்களேன். பிள்ளை பொறந்துட்டா அப்புறம் முடியாது" என்றான். நான் எதுவும் சொல்லமாட்டேன் என்றேன். போனை வைத்துவிட்டான்.

உன்னைப் பயமுறுத்தலாமா என்று யோசித்தேன். மறைக்க வேண்டாம் என்று எழுதிவிட்டேன். ஏப்ரல் கடைசி வாரத்துக்குப் பயணச்சீட்டு எடுத்திருக்கிறேன்.

ரொகாயா


டுங்குன்,
ஏப்ரல் 16

அன்புள்ள அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ வந்து சேருவதற்குள் இவர் வந்துவிட்டார். ஆண் பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் வலி எடுத்து, அப்பா பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பி, மழையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். பிள்ளைக்குச் சுகம், எனக்கும் சுகம்.

உன் கடிதம் வந்த நாளிலிருந்து நான் பட்டதை எழுதி முடியாது. பெருநாளன்று இர்தினாவுக்குப் புதுச்சட்டை எடுத்துக்கொண்டு வந்தார். முன்கூடத்தில் அப்பாவோடு உட்கார்ந்திருந்தார். என்னைக் கூப்பிடச் சொன்னார். திரைக்குப் பின்னால் நின்றேன். "லினா" என்றார். எனக்குப் பதிலாக அப்பாதான் பேசினார். இத்தனை மாதம் வாய் திறக்காத நம் அப்பா. "மாப்ள, சொல்றதா இருந்தா கோர்ட்ல போயி சொல்லுங்க. எம்மவளை இந்த வீட்டுல நிம்மதியா பெத்துக்க விடுங்க" என்றார். அவர் எழுந்து போய்விட்டார். சொல்லவில்லை.

பிரசவ அறையிலும் எனக்கு அதே நினைப்புதான். வெளியே வந்து நிற்கிறாரோ, இந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறாரோ என்று. பிறகு பிள்ளை அழுதது. மருத்துவச்சி மணியைப் பார்த்து உரக்கச் சொன்னாள். பச்சைப்பிள்ளையை என் மார்பில் போட்டதும் நான் அழுததைப் பார்த்து எல்லாத் தாய்மாரும் இப்படித்தான் என்றாள். நான் மனைவியாக இல்லாமல் போன நிமிடம் அது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? இவன் வயிற்றில் இருக்கிறான் என்று தெரிந்தபோது என்னைக் கட்டிப்போட வந்தவன் என்று நினைத்து அழுதிருக்கிறேன், அக்கா. அதை உன்னிடம்கூட எழுதவில்லை.

காலையில் அப்பா சொல்லி அவர் வந்தார். மழையில் நனைந்திருந்தார். திரையைத் தள்ளிவிட்டு நேராக உள்ளே வரப்போனவர், நான் முக்காட்டை இழுத்துவிடுவதைப் பார்த்து அங்கேயே நின்றுகொண்டார். பிள்ளையின் காதில் பாங்கு சொல்லலாமா என்று கேட்டார். தாதிப் பெண் என்னைப் பார்த்தாள்.

"உங்க வீட்டுக்காரரா?" என்றாள்.

"பிள்ளையோட அப்பா" என்றேன். "கொடுங்க."

பாங்கு சொல்லும்போது அவர் குரல் நன்றாக இருந்தது.

உன் வரவை எதிர்பார்த்து,
மர்லினா